உடல்நலம் ஓர் அமானிதம்: குழாய்க்குள் குடியேறும் எதிரி



சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் இருங்காட்டுக்கோட்டை. அதனைக் கடந்தால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னர் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைப்பேசி என்று ஆலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளும் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறி, பொழுது சாய்ந்தபின் திரும்புகின்றனர். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகின்றனர்.

இந்த வரிசையில் மருத்துவக் கருவிகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மருத்துவக் கருவிப் பூங்காக்களை நிறுவுவதற்காக மத்திய அரசு வகுத்த திட்டத்தில் இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றுடன் தமிழ்நாடும் தேர்ந்தெடுக்கப்பட்டது. நமது மாநிலத்துக்கான பூங்காவுக்குக் குறிக்கப்பட்ட இடம் ஒரகடம். பரப்பு ஏறத்தாழ 350 ஏக்கர். ஒரு பூங்காவுக்கு 100 கோடி ரூபாய் வரை உதவி என்பது அத்திட்டத்தின் வரம்பு.

மருத்துவக் கருவி என்றவுடன் பெரிய பெரிய இயந்திரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மருத்துவமனைகளில் மிக அதிகமாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று விரல் கனம்கூட இல்லாத ஒரு மெல்லிய குழாய். சிறுநீர் தானாகப் பிரியாதவர்களுக்கு அதனை வெளியேற்றுவதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் கத்தீட்டர்தான் அது. நம் வீடுகளில் 'யூரின் டியூப்' என்று சொல்கிறோம். இந்தக் குழாயைப் பற்றியும், இதனுள் ஓசையின்றிக் குடியேறும் ஒரு பகையைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம். நான் மருத்துவன் அல்லன். நூல்களிலும் ஆய்வுகளிலும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். சிகிச்சையில் உங்கள் மருத்துவரின் சொல்லே முடிவானது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

பக்கவாதம் கண்டு படுக்கையில் கிடக்கும் அத்தா. மகன் ஆலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறார். பகல் முழுவதும் கவனிப்பவர் மருமகள். குழாய் பொருத்தி ஒரு மாதம் ஆகிறது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வீசுகிறது. பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்தால் கிருமி இருப்பதாக முடிவு வருகிறது. உடனே மாத்திரை. பத்து நாள் கழித்து மீண்டும் கலங்கல், மீண்டும் கிருமி, முன்னதைவிட விலை கூடிய மாத்திரை. அடுத்த மாதம் ஊசி. "டாக்டர், நல்ல பவர் உள்ள மருந்தாகக் கொடுங்கள்" என்று மகனே கேட்கிறார். பணம் கரைகிறது, கிருமி மட்டும் போகவில்லை.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. படுக்கையில் நோயாளி இருக்கும் வீடுகளில் பலரும் கண்டதுதான். மருந்து போலியா? மருத்துவர் கவனிக்கவில்லையா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. மருந்து சென்று சேர முடியாத இடத்தில் கிருமி கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைக்கு 'நுண்ணுயிர்ப் படலம்' என்று பெயர்.

வழுவழுப்பின் இரகசியம்

வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு பூச்சு கையில் ஒட்டும். ஆலைகளில் பணிபுரியும் சகோதரர்கள் கூலிங் டவர்களிலும் தண்ணீர்க் குழாய்களிலும் இதே வழுவழுப்பைக் கண்டிருப்பார்கள். தண்ணீரில் குளோரின் கலந்தால் நீரில் மிதக்கும் கிருமிகள் மடிகின்றன. ஆனால் சுவரில் பிடித்த பூச்சு அவ்வளவு எளிதில் போவதில்லை. அதனைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இதே உண்மையை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டார். ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் தம் பல்லில் படிந்திருந்த வெண்மையான மாவை ஆராய்ந்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதாக 1683இல் இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்தபோது அந்த மாவின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே மடிந்தன, உள்ளே இருந்தவை தப்பின என்றும் அவர் கண்டறிந்தார். எனவேதான் வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும் போதாது. மிஸ்வாக்கினாலோ பிரஷ்ஷினாலோ பல்லைத் தேய்த்தாக வேண்டும்.

அவர் கண்டதன் முழுப் பொருள் உலகுக்குப் புரிய முந்நூறு ஆண்டுகள் ஆயின. இளமையில் பஞ்சாபில் ஒரு கல்லூரியில் பயிற்றுவித்த கனடா நாட்டு அறிஞர் காஸ்டர்ட்டனும் அவருடைய நண்பர்களும் 1978இல் இதனை விரிவாக விளக்கினர். கிருமிகள் தனித்தனியே நீந்தித் திரிவதைவிட, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன என்பது அவர்கள் சொன்ன செய்தி.

தொட்டியைத் தேய்க்கலாம், பல்லைத் தேய்க்கலாம். உடலுக்குள் இருக்கும் குழாயின் உட்புறத்தை எவ்வாறு தேய்ப்பது? சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எப்படிக் குடியேறுகிறது?

இன்று நாம் காணும் குழாய் 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபோலியால் உருவானது. அதன் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. சிறுநீர்ப்பைக்குள் சென்றபின் அதில் தூய நீரை நிரப்பினால் பலூன் உப்பிக்கொண்டு குழாய் நழுவாமல் நிற்கும். மிக எளிய, மிக உபயோகமான அமைப்பு. எத்தனையோ பேருடைய வேதனையை இது போக்கியிருக்கிறது.

ஆனால் நம் உடலுக்கு அது ஓர் அந்நியப் பொருள். உள்ளே சென்ற சிறிது நேரத்திலேயே சிறுநீரில் உள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சின்மீது கிருமிகள் ஒட்டுகின்றன, பெருகுகின்றன, பசையைச் சுரந்து போர்வையாகப் போர்த்திக்கொள்கின்றன. தமக்குள் இரசாயனச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. படலம் முற்றியபின் அதிலிருந்து சில கிருமிகள் பிரிந்து சென்று வேறிடத்தில் புதிய குடியிருப்பை அமைக்கின்றன. இரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சலும் உயிராபத்தும் நேரக்கூடும்.

கிருமி நுழையும் வாசல்கள் மூன்று. முதலாவது, குழாயைச் செலுத்தும் நேரம். இரண்டாவது, குழாயின் வெளிப்புறம். நோயாளியின் குடலிலும் தோலிலும் உள்ள கிருமிகளே அதன் வழியாக மேலேறுகின்றன. மூன்றாவது, குழாயும் யூரின் பையும் சேரும் இணைப்பும், பையின் அடியிலுள்ள திறப்பும். இந்த மூன்றாவது வாசலின் சாவி பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. ஒரு மாதம் கடந்துவிட்டால் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். நாம் பார்த்த வீட்டில் பரிசோதனை முடிவு ஏன் அப்படி வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இவற்றுள் 'புரோட்டியஸ்' என்ற கிருமி தனிக் குணமுடையது. அது சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அதனால் சிறுநீர் காரத்தன்மை அடைந்து, அதில் கரைந்திருக்கும் உப்புகள் கல்லாகப் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் பிடிப்பதுபோலக் குழாயின் துவாரம் அடைபடுகிறது. திடீரென்று சிறுநீர் நின்று நோயாளி அடிவயிற்று வலியால் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து ஏன் தோற்கிறது?

நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது ஆன்டிபயாடிக், நீந்தித் திரியும் கிருமியை எளிதில் கொல்கிறது. படலத்துக்குள் இருக்கும் அதே கிருமியைக் கொல்லப் பல நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். பசைப் போர்வை மருந்தைத் தடுக்கிறது, தாமதப்படுத்துகிறது. ஆழத்தில் உள்ள கிருமிகள் உணவும் காற்றும் குறைந்து, உறங்குவதுபோல் ஒடுங்கிக் கிடக்கின்றன. வளரும் கிருமிகளைத் தாக்கும் மருந்து ஒடுங்கிக் கிடப்பவற்றை விட்டுவிடுகிறது. மருந்து நின்றதும் அவை விழித்தெழுகின்றன.

இதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. சாகாத அளவு மருந்தில் மீண்டும் மீண்டும் நனையும் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகுகின்றன. நெருக்கமாக வாழும் அவை அந்தத் திறனை ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்கின்றன. ஒரு வீட்டில் தொடங்கும் இந்த வினை ஊர் முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. நாளை அதே வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இந்த ஆபத்தை நாட்டுக்கு எடுத்துரைத்த குரல்களுள் ஒன்று நம் சென்னையிலிருந்தே எழுந்தது. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் அவர்களின் முன்முயற்சியில் 2012ஆம் ஆண்டு மருத்துவர்களின் சங்கங்கள் சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது அறியப்படுகிறது. 2017இல் மத்திய அரசும் இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

பிரகடனங்கள் மேலிருந்து வரும். கடைப்பிடிப்பு நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். குழாய் பொருத்தியவருக்குக் காய்ச்சலோ, நடுக்கமோ, விலாப்புற வலியோ, புதிதாக வந்த மனக்குழப்பமோ இல்லாதபோது, சிறுநீரில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டியதில்லை என்பதே மருத்துவ உலகின் பொதுவான நெறி. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு. கலங்கலும் வாடையும் மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகா.

உண்மையான நோய்த்தொற்று ஏற்பட்டால்? அப்போது மருந்து அவசியம், தாமதமும் கூடாது. ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. குழாய் போட்டு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தால், முதலில் பழைய குழாயை எடுத்துவிட வேண்டும்; அப்போதும் தேவையென்றால் புதியதைப் பொருத்தி, அதன் வழியே வரும் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, பிறகு சிகிச்சையைத் தொடர வேண்டும். கோட்டையை இடிக்காமல் படையை மட்டும் அனுப்புவதால் பயனில்லை. "குழாயை மாற்றிவிட்டு மருந்து தொடங்கலாமா, டாக்டர்?" என்று பணிவுடன் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல ஊசிகளை மிச்சப்படுத்தக்கூடும்.

மிகச் சிறந்த தடுப்பு எது?

தேவையற்ற குழாய் இல்லாதிருப்பதே. மிக எளிய இந்த உண்மைதான் எளிதில் மறக்கப்படுகிறது. அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. தம் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர்களிடம் கேட்டபோது, குழாய் இருந்தும் 100க்கு 28 இடங்களில் அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. வசதி மிகுந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், கூட்டம் நிரம்பி வழியும் நம் மருத்துவமனைகளில் நினைவூட்டும் கடமை உறவினருக்கும் உண்டு. ஒவ்வொரு நாளும் மருத்துவர் வரும்போது, "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று கேளுங்கள். பிரசவ அறுவைக்குப் பின்னும் மற்ற அறுவைகளுக்குப் பின்னும் இக்கேள்வி மிகவும் பயன்தரும்.

சிறுநீர் கட்டுப்படாமல் கசிகிறது என்பதற்காக மட்டும் குழாய் கேட்க வேண்டாம். ஆண்களுக்கு வெளியே உறைபோல் மாட்டும் சாதனம் உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பலருக்கு, வேளைக்கு ஒரு முறை குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறை பொருந்தும். 1972இல் அமெரிக்க மருத்துவர் லாப்பிடஸ் இம்முறையை எடுத்துரைத்தார். நோயாளியோ வீட்டாரோ கற்றுக்கொண்டு செய்யக்கூடியது அது. குழாய் உள்ளே தங்காததால் படலம் வளர நேரம் கிடைப்பதில்லை. சாலை விபத்திலும் ஆலை விபத்திலும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட இளைஞர்கள் இதனைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும்.

மூடிய பாதை

முற்காலத்தில் குழாயின் மறுமுனையைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைத்தனர். நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ அனைவருக்கும் தொற்று ஏற்பட்டது. குழாயையும் பையையும் காற்றுப் புகாமல் இணைத்து மூடிய பாதையாக்கினால் தொற்று வெகுவாகத் தள்ளிப்போகும் என்பதைக் குனின், மெக்கார்மாக் என்ற இரு மருத்துவர்கள் 1966இல் நிறுவினர். பல விலையுயர்ந்த கண்டுபிடிப்புகளைவிட இந்த எளிய மாற்றமே மிகுதியான நன்மை செய்தது. அந்த மூடிய பாதையை நாம் நம் கையால் திறந்துவிடக் கூடாது.

வீட்டில் கவனிப்பவர்கள் கைக்கொள்ள வேண்டியவை இவை:

1. குழாயையோ பையையோ தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவுங்கள்.

2. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும்; ஆனால் தரையில் படக்கூடாது. நோயாளியைத் தூக்கும்போது பையை அவர் வயிற்றின்மீது வைப்பது பெருந்தவறு. பையிலுள்ள சிறுநீர் திரும்பி உள்ளே செல்லும்.

3. பை மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் அடித்திறப்பின் வழியே வடித்துவிடுங்கள். அதற்கென்று தனிப் பாத்திரம் வையுங்கள். திறப்பின் முனை பாத்திரத்தில் படக்கூடாது.

4. குழாயைத் தொடையில் ஒட்டியோ கட்டியோ நிலைநிறுத்துங்கள். மடிப்பு, முறுக்கு, இழுபறி எதுவும் வேண்டாம்.

5. நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு அவ்விடத்தைக் கழுவினால் போதும். களிம்பும் கிருமிநாசினியும் தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் குழாய்க்குள் எதையும் செலுத்திக் கழுவ வேண்டாம்.

6. மருத்துவர் தடுத்திராவிட்டால் தண்ணீர் தாராளமாகப் பருகக் கொடுங்கள். மலச்சிக்கலைத் தவிருங்கள்.

7. குழாயை ஒருபோதும் இழுத்து எடுக்காதீர்கள். பலூனில் உள்ள நீரை வெளியேற்றாமல் இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்துவிடும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, இரத்தம், புதிய மனக்குழப்பம், சில மணி நேரமாகச் சிறுநீர் வடியாமை ஆகியவற்றுள் எது கண்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆலையில் பணிபுரியும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரம் பழுதான பிறகு ஓடுவதைவிட, பழுதாகும் முன்பே நாள் குறித்துப் பராமரிப்பதே சிறந்தது என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இயந்திரத்தில் தொங்கும் அந்தப் பராமரிப்பு அட்டையைப் போன்ற ஒன்றை அத்தாவின் கட்டிலிலும் தொங்கவிடுங்கள். குழாய் பொருத்திய தேதி, அதன் வகை, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, பை மாற்றிய தேதி, காய்ச்சல் கண்ட நாள், கொடுத்த மருந்து ஆகியவற்றை அதில் எழுதுங்கள். சாதாரண இரப்பர்க் குழாயைச் சில வாரங்களிலேயே மாற்ற வேண்டும். முழுவதும் சிலிக்கானால் ஆனது 12 வாரங்கள் வரை இருக்கலாம். அடிக்கடி அடைப்பு வருபவருக்கு அதற்கும் முன்பே மாற்ற நேரும். பகலில் மருமகள், இரவில் மகன் என்று ஆள் மாறும் வீட்டில் இந்த ஓர் அட்டை பல குழப்பங்களைத் தீர்க்கும்.

தொழுகை நேரத்தில் ஒரு கவனம்

நம் வீடுகளுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஐவேளை தொழுத பெரியவர்கள், சிறுநீர்ப் பையுடன் தொழுவதற்கு மனம் கூசுகின்றனர். அதனால் ஒவ்வொரு வக்துக்கும் பையைக் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டச் சொல்லக்கூடும். அன்பினாலும் மரியாதையினாலும் பிள்ளைகளும் அவ்வாறே செய்துவிடலாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை அந்த மூடிய பாதையைத் திறந்தால், கிருமிக்கு ஐந்து முறை வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

இதற்குத் தேவையே இல்லை. சிறுநீர் அடங்காமல் வெளிப்பட்டுக்கொண்டே இருப்பவரைத் தக்க காரணமுடையவராகவே நம் சட்ட நூல்கள் கருதுகின்றன. தொழுகையின் நேரம் வந்தபின் உளூச் செய்து, அந்நிலையிலேயே அவர் தொழுவதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் வழி உண்டு. விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பெரியவரின் மனக்கூச்சமும் நீங்கும். தொழுமுன் பையின் அடித்திறப்பு வழியே சிறுநீரை வடித்துவிட்டு, பையைத் தாழ்வாக மாட்டி, நாற்காலியில் அமர்ந்து தொழச் செய்வது எளிது. இணைப்பைத் தொட வேண்டாம்.

நோன்பு மாதத்திலும் இவ்வாறே. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு உப்பும் அடைப்பும் கூடும். நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை ஏற்பது குறையன்று. மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரத்தக் குழாயில் செலுத்தும் கத்தீட்டர்

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் டயாலிசிஸ் சிகிச்சையிலும் பெரிய இரத்தக் குழாய்களுக்குள் கத்தீட்டர் செலுத்தப்படுகிறது. அங்கே படலம் உண்டானால் கிருமி நேராக இரத்தத்தில் கலக்கும். இந்தியாவின் 26 மருத்துவமனைகளில் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை 2017 முதல் 2018 வரை கண்காணித்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. இரத்தத் தொற்றில் கிளெப்சியெல்லா என்ற கிருமியும், சிறுநீர்த் தொற்றில் கேண்டிடா என்ற பூஞ்சையும் முதலிடத்தில் இருந்தன. இரண்டுமே படலம் கட்டுவதில் வல்லவை.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் புரோனோவோஸ்ட் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றின. கை கழுவுதல், குழாய் செலுத்தும்போது முழு உடல் உறையும் விரிப்பும் பயன்படுத்துதல், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிடுதல் ஆகியவையே அவை. ஆயிரம் குழாய் நாள்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. 2006இல் வெளிவந்த இந்த முடிவில் புதிய மருந்து எதுவும் இல்லை. பழைய ஒழுக்கம் மட்டுமே இருந்தது.

இரத்தக் குழாயில் படலம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கத்தீட்டரை எடுப்பதே வழி. எடுக்க இயலாத நிலையில் சில வகைத் தொற்றுகளுக்கு, குழாயின் உட்புறத்தில் செறிவான மருந்தை நிரப்பிச் சில மணி நேரம் பூட்டி வைக்கும் முறையைக் கையாளுகின்றனர். டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தொற்று வராமல் தடுக்க டாரோலிடின், ஹெப்பாரின் சேர்ந்த அத்தகைய கரைசல் ஒன்றுக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி வழங்கியது. நீண்ட காலம் டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள், கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் 'ஃபிஸ்டுலா'வை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது கத்தீட்டரைவிடப் பாதுகாப்பானது.

கிருமி ஒட்டாத குழாய் உண்டா?

உலகெங்கும் முயல்கின்றனர். வெள்ளி பூசிய குழாய் கிருமியைக் கொல்லும் என்று பெரிதும் நம்பினர். பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டனர். குறுகிய காலம் குழாய் தேவைப்பட்ட அவர்களுள், சாதாரணக் குழாய் பொருத்தியவர்களில் 100க்கு 12.6 பேருக்கும், வெள்ளிக் குழாய் பொருத்தியவர்களில் 12.5 பேருக்கும் தொற்று வந்தது. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். சுறாமீனின் தோலைப் போன்ற நுண்ணிய வரிகளைப் பரப்பில் பதித்தல், பசையைக் கரைக்கும் என்சைம்கள், கிருமியை உண்ணும் வைரஸ்கள் என்று ஆய்வுகள் தொடர்கின்றன. விலை கூடிய குழாய் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று மட்டும் எவரும் இருந்துவிட வேண்டாம்.

இந்தியாவில் கத்தீட்டர்கள் 2005 முதலே மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. வாங்கும்போது உறை கிழியாமல் இருக்கிறதா, கிருமி நீக்கம் செய்ததற்கான குறிப்பும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்துக என்று அச்சிட்டிருந்தால் அதனைக் கழுவி மீண்டும் பயன்படுத்தாதீர்கள். ஒரகடத்திலோ வேறெங்கோ இத்தகைய கருவிகளைச் செய்யும் வேலைக்கு நம் பிள்ளைகள் சென்றால் அவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: தூய அறைக்குள் நுழையுமுன் நீ ஒழுங்காகக் கழுவும் கை, முகம் தெரியாத ஒரு நோயாளியின் உயிருக்குக் காவலாகிறது. யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் நேர்மையே உண்மையான அமானிதம்.

மருந்துக்கு அஞ்சாத கிருமியும் மூடிய வாசலைத் தாண்டி எளிதில் வருவதில்லை. குடியிருக்கக் குழாயே இல்லாதபோது அங்கே படலம் கட்ட அதற்கு இடமும் இல்லை. எனவே நம் வீட்டில் ஒருவருக்குக் குழாய் பொருத்த நேர்ந்தால் நான்கைந்து செய்திகளை நெஞ்சில் நிறுத்துவோம்: தேவையான நாள் மட்டும் வைத்தல், இணைப்பைத் திறவாதிருத்தல், கை கழுவுதல், உரிய நாளில் மாற்றுதல், காரணமின்றி மருந்து கேளாதிருத்தல். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். படுக்கையில் இருக்கும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையில் இதுவும் ஒரு பகுதியே.

பகலும் இரவும் நோயாளியின் அருகிருந்து, அருவருப்புப் பாராமல் பையை வடித்து, ஆடை மாற்றிப் பணி செய்யும் சகோதரிகளே! உங்கள் உழைப்பை வீட்டார் பல நேரம் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு ஆண்கள் இதனைப் படித்தபின், கை கழுவிவிட்டு ஒரு வேளையேனும் அந்தப் பணியைத் தாமே செய்யட்டும். வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு நிறைந்த ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு நிறைந்த நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.